தங்கப்புஷ்பம் பேயா, சாமியா

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, தங்கப்புஷ்பம் பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். செத்த பிள்ளை திரும்பி வந்ததில் தெருவில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வந்திருப்பது பேயா சாமியா என்பது மட்டும் தீர்மானமாக வேண்டியிருந்தது. பேய் என்றால் ஊருக்கு வெளியே புளியமரத்தில் ஆணி அடித்துவிடுவார்கள். சாமி என்றால் பட்டுப்பாவாடை சாத்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தீர்மானிக்கிற அதிகாரி மதியம் வந்தார். பிள்ளை போன பிறகு அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே தூரம் கூடிப்போய், ஷேர் ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் வந்து இறங்கினார்.

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்று கேட்டாள் தாய் மாரிக்கனி.

"அது நம்மகிட்ட கேட்டா பேய். நாம அதுகிட்ட கேட்டா சாமி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

மாரிக்கனி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஓயாமல் கேட்கிற பிள்ளை அது. ரிப்பன் கேட்பாள், சேமியா ஐஸ் கேட்பாள், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கேட்பாள். காய்ச்சலில் கிடந்த கடைசி நாள்தான் எதையும் கேட்கவில்லை. அப்போதே மாரிக்கனிக்குத் தெரிந்துபோயிற்று.

மகளை மூலைக்கு அழைத்துப் போனாள். "என்ன வேணும்னாலும் வாயத் தொறக்காத, தாயி. கேட்டுறாத."

தங்கப்புஷ்பம் தலையாட்டினாள்.

அதிகாரி அவள் முன்னால் தட்டு தட்டாக வைத்தார். ஒரு தட்டில் முறுக்கு. ஒரு தட்டில் ஆட்டுக்குட்டி. அவள் எச்சிலை விழுங்கினாள், கேட்கவில்லை. கடைசித் தட்டில் மாரிக்கனியையே உட்காரவைத்தார். பிள்ளையின் உதடு துடித்தது. மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை.

"சாமிதான்," என்று சொல்லிவிட்டு அதிகாரி ஆட்டோ ஏறினார்.

பட்டுப்பாவாடை சாத்தினார்கள். தெருவே வரிசையில் நின்றது. சாமியிடம் கேட்பதற்குக் கூச்சப்படுகிற ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஒருவர் மழை கேட்டார். கிடைத்ததைத் துண்டில் முடிந்து கொண்டுபோனார். அவர் மனைவி பேரன் கேட்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கேட்டதெல்லாம் அந்த இடத்திலேயே நடந்தது. தங்கப்புஷ்பம் யாரையும் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

மாரிக்கனி கடைசி ஆளாக நின்றாள். மகள் அவளையும் எல்லோரையும் போலத்தான் பார்த்தாள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"என்கிட்ட ஏதாவது கேளு தாயி," என்றாள்.

தெரு ஓரடி பின்வாங்கியது.

"தூக்கிக்கோம்மா," என்றாள் தங்கப்புஷ்பம்.

மாரிக்கனி தூக்கிக்கொண்டாள். பிள்ளை முன்னைவிடக் கனமாக இருந்தாள். அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே யாரோ சுத்தியல் எடுக்க ஓடுவது கேட்டது.

"ஆணி நல்ல நீளமா இருக்கட்டும்," என்று மாரிக்கனி குரல் கொடுத்தாள். "நாங்க ரெண்டு பேரு."