படகுக்கு அடியில் ஏழு நாற்காலிகள்

1. கோடு

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இக்கதை என் இடது கடைவாய்ப் பல்லில் தோன்றியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் மருத்துவமனையின் காத்திருப்பறையில் ஒன்றேகால் மணி நேரம் கன்னத்தைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். என் தலைக்கு மேலிருந்த சுவரோவியத்தைப் பற்றி இரு சகோதரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டது தவறுதான். காதைப் பொத்தக் கை ஒழியவில்லை.

ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் ஏழு என்று நான் படித்த பாடநூல் கூறுகிறது. ஆகவே ஏழு பகுதிகளாக எழுதத் துணிந்தேன். தொடக்கத்திற்கு முயன்றவை:

‘கோடு என்பது நடக்கப் புறப்பட்ட புள்ளி என்பர் அறிஞர்—’ (எந்த அறிஞர் என்று தாங்கள் கேட்டால் விழிப்பேன்.)

‘அவர் கண்களில் கடல் ததும்பி—’ (கடல் சுவரில்தான் இருந்தது.)

‘நீலப்பொடி தடவிய நூலைச் சுவரின் இரு முனைகளிலும் கட்டி, நடுவில் இழுத்துச் சுண்டினார். ஒரே சுண்டலில் தொடுவானம் விழுந்தது.’ இது நிற்கும்போல் தெரிகிறது. இருக்கட்டும்.

2. வடிவம்

நூலைச் சுண்டியவர் அச்சகோதரிகளில் இளையவர், பெயர்ப்பலகை எழுதுபவர். பதினாறு ஆண்டுகளாக ‘வண்டிகளை இங்கே நிறுத்தாதீர்’ என்பதையே விதவிதமாக எழுதி அலுத்தவர். படம் வரைய அவரை எவரும் அழைத்ததில்லை. கடைசியில் அக்காதான் கணவரை நச்சரித்து இந்தச் சுவரை வாங்கிக் கொடுத்தார். அக்கா மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவர். கணவர்தான் பல் மருத்துவர்.

மூன்று நாள்கள் மருத்துவமனைக்கு விடுமுறை. தரையில் முடுக்கியிருந்த இரும்பு நாற்காலி வரிசையைக் கழற்றி நடைவழியில் போட்டுவிட்டு, மேலே மஞ்சள் படகு, கீழே நீலக் கடல் என்று முழுச் சுவரையும் நிரப்பினார். நான்காம் நாள் காலை நாற்காலிகளைத் திரும்ப முடுக்கினார்கள். கடலைக் காணவில்லை.

“என்னம்மா இது, படகு காத்துல பறக்குது?” என்றார் மருத்துவர்.

“கடல் இருக்கு மாமா. நாற்காலிக்குப் பின்னாடி.”

“நோயாளிங்கள எழுப்பி எழுப்பிக் கடலக் காட்டச் சொல்றியா?”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “மூணு நாளாக் குனிஞ்சு குனிஞ்சு அலை போட்டியேடி, அப்பக்கூடவா தோணல?”

“எனக்கு எப்படிக்கா தோணும்? நான் எழுதற பலகையெல்லாம் ஆளுயரத்துக்கு மேல தொங்கும். அதுக்கு முன்னாடி எவன் நாற்காலி போட்டு உட்கார்றான்?”

3. பருமன்

மருத்துவர் சற்றுப் பருமனானவர். (இப்பகுதிக்கு வேறொன்றும் அகப்படவில்லை. அவர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டுகிறேன்.)

4. நிறம்*

மேசைமேல் சுருட்டி வைத்த காகிதம் ஒன்று இருந்தது. பற்பசைக்காரர்கள் கொடுத்த விளம்பரம்: சிரிக்கும் பல், அதற்குக் கையும் காலும்.

“இன்னும் ரெண்டு பேரைப் பார்த்துட்டு வெளிய வந்து பார்க்கிறேன்,” என்றார் மருத்துவர். “அப்பவும் படகு பறந்துதுன்னா, சாயங்காலம் சுவருக்கு வெள்ளையடிச்சுப் பல்லை ஒட்டிருவோம். கோவிச்சுக்காதம்மா.”

“ஒட்டிக்கோங்க மாமா,” என்றார் ஓவியர். மருத்துவர் உள்ளே போய்க் கதவு மூடியதும் ஓவியரின் குரல் இறங்கியது. “இதுவும் போச்சுன்னா இனிமே படம் வரையத் தூரிகையவே தொடமாட்டேன்கா. ‘நிறுத்தாதீர்’ போதும் எனக்கு.”

அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எழுதப் புகுந்தேன். ‘வாடிய மலர்போல—’ வேண்டாம். அவர் பெருவிரல் நகத்திலிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தெரியும்.

* பாடநூல் வரிசைப்படி இங்கே ஒளிநிழல் வர வேண்டும். சற்றுப் பொறுத்தருள்க, வழுக்கைத் தலையர் இன்னும் வந்து சேரவில்லை.

5. ஒளிநிழல், 6. சொரசொரப்பு (சேர்த்தே வந்துவிட்டன)

வந்துவிட்டார். மூன்றாம் நாற்காலியில் அமர்ந்தார். குழல்விளக்கு அவர் தலையில் பளிச்சிட்டது. பக்கத்தில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி. அதற்கப்பால் செம்பட்டைத் தலை, நரைத்த தலை, வலியில் முன்னும் பின்னும் ஆடும் தலை. ஏழு நாற்காலிகளும் நிறைந்தன. (ஏழுதான். கதைக்காகக் கூட்டவில்லை, ஐயமிருந்தால் அக்காவைக் கேட்கலாம்.)

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த ஓவியர் சட்டென்று நிமிர்ந்தார். “அக்கா, கடல்!”

“எது, அந்த வழுக்கையா?”

“அது அலை மேல வெயிலு. அந்தச் சுருட்டை நுரை. நீ அங்கருந்து பார்த்தா தெரியாது, இங்க வா.”

அக்கா எழுந்து வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்த்தார். தலைகள் ஏறி இறங்கின; அவற்றின் மேல் படகு மிதந்தது. “அட, ஆமாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். “ஆடற தலைக்குத் தனியாக் காசு கொடுக்கலாம் போலிருக்கே!”

ஓவியர் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். “டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்காதீங்க. புண்ணியமாப் போகும்.”

நான் கடைசி நாற்காலியில், படகின் மூக்குக்கு நேர் கீழே இருந்தேன். பிறந்தது முதல் எதிலும் ஓர் அங்கமாக இருந்தறியாத நான், அன்று கடலாக இருந்தேன்.

7. வெளி

கதவு திறந்தது. முந்தைய நோயாளி கன்னம் வீங்க வெளியேறினார். “அடுத்த ஆள் வாங்க!” என்றது உள்ளிருந்து குரல். “மரத்துப்போக ஊசி போட்டு உட்காரவெச்சுட்டு, நான் வந்து அந்தச் சுவரைப் பார்த்துடறேன்.”

அடுத்த ஆள் நான்தான்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். மருத்துவர் நெகிழ்ந்து மைத்துனிக்கு மாடிச் சுவர்களையும் தருகிறார். (கேட்கவே கூச்சமாக உள்ளது.) பல் ஒட்டப்படுகிறது, ஓவியர் அழு— (அவர் அழமாட்டார். கோந்து சரியில்லை என்று சண்டைக்குப் போவார்.) நான் வலியைப் பொறுத்து எழாமலே இருந்துவிடுகிறேன். (எழுந்தேன் ஐயா. ஊசி என்றதும் கால்கள் தாமாக நடந்தன. கதவருகே திரும்பிப் பார்த்தேன்: படகின் மூக்குக்குக் கீழே ஒரு தலை அளவு ஓட்டை.)

கன்னம் மரத்துக் கிடந்தேன். மருத்துவர் கைகளைத் துடைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

பின்னர் நான் வெளியே வந்தபோது சுவரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால், எழுந்து வந்த இடத்தில் மறுபடியும் நானே உட்கார்ந்ததாகிவிடும். அது முறையன்று.

ஏழாவது நாற்காலி காலியாக இருக்கிறது. கதவு திறக்க இன்னும் நான்கடி. தங்களுக்குப் பல்வலி இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தயவுசெய்து அமருங்கள். தலையை மட்டும் நிமிர்த்தியே வையுங்கள். கைபேசியைப் பார்க்கக் குனிந்தால் படகு தரைதட்டிவிடும்.