பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஊரில் என்னை இரும்புத்தோள் என்பார்கள். ஒரு நிருபர் வைத்த பெயர் என்று பேச்சு. அந்த நிருபருக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு சக்திதான். தலைக்கு மேல் எது வந்தாலும் தாங்குவேன். பறக்க வராது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. கீழே கிடக்கும் சாவியைக் குனிந்து எடுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் மேலேயிருந்து பாலமே இறங்கினாலும் கையைத் தூக்கி நிற்பேன்.

இதையெல்லாம் செய்தால் சம்பளம் யாரும் தருவதில்லை. ஆகவே மற்ற நேரங்களில் நான் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நான் மாட்டுகிற லிஃப்டுக்கு அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்கள் ஏறலாம். புருஷன் வேலையைப் பெண்டாட்டி சோதிக்கலாமா என்று அவள் ஆபீசில் ஒரு காலத்தில் கேள்வி வந்தது. பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஊரிலேயே அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்ட மெக்கானிக் நான்தான் என்று தெரிந்ததும் கேள்வியை அவர்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

பதினாறு வருஷத்தில் ஒரு லிஃப்டைக்கூட அவள் முதல் தடவையில் பாஸ் பண்ணியதில்லை. போன மாதம் எச்சரிக்கை ஸ்டிக்கரை இரண்டு விரல் உயரமாக ஒட்டிவிட்டேன் என்று திருப்பி அனுப்பினாள். "ரெண்டு விரல்தானேம்மா" என்றேன். "குள்ளமா இருக்கிறவங்க ரெண்டு விரல் எட்டிப் படிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அன்று காலை பத்தரை மணி. இருபது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கயிறுகள் அறுந்துவிட்டன என்று போன் வந்தது. பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் கூண்டு ஒரே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்பது பேர். நான் பதினோராவது மாடிக் கதவை நெம்பித் திறந்து, சுவரிலிருந்த இரண்டு இரும்புக் குறுக்குச் சட்டங்களில் காலை ஊன்றி, கையை உயர்த்திக் கூண்டின் அடியைப் பிடித்தேன். பிடித்த மறு விநாடி கடைசிக் கயிறும் அறுந்தது. என் கால்களுக்குக் கீழே பதினோரு மாடி வெறும் இருட்டு.

"வந்துட்டியா, இரும்புத்தோள்?" என்று ஒரு குரல் கேட்டது. கூண்டுக்கு அடியில், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல் என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, ஒரு குட்டி ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

தாலாட்டு. இந்த ஊரின் ஒரே வில்லன். லிஃப்டுகளில் ஓடுமே, யாரும் கேட்காத ஒரு இசை, அதைப் போட்டுக்கொண்டிருந்தவன். வாழ்நாள் முழுக்க யாரும் தன் பாட்டைக் கேட்கவில்லை என்ற ஆத்திரத்தில், கேட்டவர்கள் எழுந்திருக்கவே முடியாத ஒரு பாட்டைக் கண்டுபிடித்துவிட்டான். தூங்கியவனுக்கு ஆசைப்பட்டதெல்லாம் கனவில் நடக்கும். அந்தக் கனவை அவனே வேண்டாமென்று உதறினால்தான் விழிப்பு. அப்படி உதறியவன் அதுவரை ஒருத்தனும் இல்லை.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. காதை எப்படிப் பொத்திக்கப் போறே?" என்றான்.

நியாயமான கேள்வி. நான் யோசிக்கிறதுக்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் என் வீட்டு வாசல். நல்ல காலை வெயில். என் மச்சான், மனைவியின் தம்பி, டிரில்லிங் மெஷினோடு நின்றுகொண்டிருந்தான். நான்கு வருஷத்துக்கு முன் இரவல் வாங்கிப் போனது.

"மாமா, இந்தாங்க. துடைச்சு, எண்ணெய் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க."

அந்த இடத்திலேயே இது கனவு என்று புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசை யாரை விட்டது?

உள்ளே என் மாமியார் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். என் பொண்ணுதான் அவருக்கு ஈடில்லை." நான் கதவுக்குப் பின்னால் நின்று அதை மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டேன். கனவில் அந்த வசதி உண்டு.

தெருவில் ஒரு பாலமும் விழவில்லை. கிரேன் சாயவில்லை. குழந்தைகள் என் படம் போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். தோள்பட்டை மட்டும் ஏனோ கடுகடுவென்று வலித்தது. மாமியார் தைலம் தேய்த்துவிட ஆள் அனுப்பினார். வலி போய்விட்டது.

வலி போனதற்கு வெளியே என்ன அர்த்தம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கனவில் நான் ஒரு படி சந்தோஷப்பட்டால், நிஜத்தில் என் முழங்கை ஒரு விரற்கடை மடங்கியிருக்கிறது. டிரில்லிங் மெஷினுக்கு மூன்று விரல். மாமியாருக்கு ஒரு சாண்.

அதே நேரம் என் மனைவி வந்து சேர்ந்திருக்கிறாள். வேறொரு கட்டடத்தின் இரைச்சலான மெஷின் அறையிலிருந்து நேராக ஓடி வந்ததால் காதில் பஞ்சுக் கவசத்தோடு. முதல் வேலையாக ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். இரண்டாவதாக எனக்குப் பளாரென்று ஒன்று விட்டாள். நான் குறட்டையைக்கூட நிறுத்தவில்லையாம்.

பன்னிரண்டாவது மாடிக் கதவைத் திறந்தால் கூண்டின் வாசலில் பாதிதான் அதற்கு நேராக இருந்தது. ஒரு ஆள் தவழ்ந்து ஏறி வரலாம். ஆனால் நான் மடங்க மடங்க அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. அவள் இரண்டு இரும்பு முட்டுக்குழாய்களைக் கொண்டுவரச் செய்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, நான் நிற்கும் அதே சட்டங்களில் இறங்கி, கூண்டுக்கு அடியில் எனக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாள். பிறகு மேலே போய் ஒவ்வொருவராக இழுத்தாள். ஏழு பேர் வந்துவிட்டார்கள். மிச்சம் ஒரு பல் டாக்டரும் அவர் அம்மாவும். டாக்டர் கொஞ்சம் பெரிய உடம்பு, இடைவெளி போதவில்லை. அம்மா மெலிந்தவர், வந்திருக்கலாம். "என் பையன் வராம நான் வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

முட்டுக்குழாய்கள் வளைய ஆரம்பித்தன. அவள் சுத்தியலோடு மறுபடி என் பக்கத்தில் இறங்கினாள்.

இது எதுவும் தெரியாமல் நான் கனவில் ஒரு புது லிஃப்டை மாட்டி முடித்திருந்தேன். கண்ணாடிக் கூண்டு, பித்தளைப் பொத்தான். என் மனைவி வந்தாள். இஸ்திரி போட்ட புடவை. பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். நேராகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"நீங்க செஞ்சா சரியாத்தாங்க இருக்கும்."

பதினாறு வருஷமாக நான் காத்துக்கிடந்த வாக்கியம். காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. வெளியே அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சாண் இறங்கியிருக்கிறேன். டாக்டரின் அம்மா கத்திய கத்தல் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. சட்டம் போட்டு மாட்டலாம். மறுபடி அவளைப் பார்த்தேன். எதுவோ உறுத்தியது. அவள் முழங்காலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. புடவையில் கிரீஸ் இல்லை. தலைமுடியில் ஒட்டடை இல்லை.

"கீழே இறங்கிப் பார்த்தியா?"

"எதுக்குங்க?"

"சேஃப்டி பிரேக் இருக்கான்னு பார்க்க வேணாமா?"

சிரித்தாள். "நீங்க இருக்கும்போது எனக்கென்னங்க பயம்?"

கேட்டீர்களா? வேறு ஒருத்தனாக இருந்தால் உருகி ஓடியிருப்பான். எனக்குச் சுருக்கென்றது. என் பெண்டாட்டிக்குப் பயம் உண்டு ஐயா. ஊரில் லிஃப்டில் ஏறுகிற அத்தனை பேருக்காகவும் அவள் ஒருத்தி பயப்படுவாள். அதனால்தான் மற்றவர்கள் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு நிம்மதியாக மேலே போகிறார்கள். தன் சொந்த அம்மா குடியிருக்கிற கட்டடத்தின் லிஃப்டை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தவள் அவள். மாமியார் ஒன்பது நாளும் படியேறினார், ஒன்பது நாளும் என்னைத்தான் திட்டினார். அவளைத் திட்ட அவருக்கே துணிச்சல் இல்லை.

என்னைப் பார்த்து ஊரே கை தட்டும். நான் தாங்குவது விழுந்த பிறகு. அவள் விழாமல் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு யாரும் கை தட்டுவதில்லை, நான் உட்பட. நான் அவளிடம் கேட்டதெல்லாம் பார்க்காமல் ஒரு கையெழுத்து. அப்பேர்ப்பட்டவளிடம் இதையா ஆசைப்பட்டேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெஞ்சு நிமிர்ந்தது. இவளையா எனக்குக் கட்டி வைத்தார்கள்!

"அம்மா தாயே, நீ யாரோ நல்ல பொம்பளை" என்றேன் அந்தக் கனவுக்காரியிடம். "ஆனா இந்தக் கையெழுத்து செல்லாது. நானே சோதிச்சுக்கறேன்."

சேஃப்டி பிரேக் என்பது கூண்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாடை. கூண்டு வேகமாக விழுந்தால் பக்கச் சுவரிலுள்ள இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். அதைச் சோதிக்க ஒரே வழிதான். கூண்டை விழ வைத்துப் பார்ப்பது. என் மனைவியிடம் இதற்கு ஒரு விதி உண்டு: மாட்டியவன்தான் உள்ளே நிற்க வேண்டும். வேறு எந்த இன்ஸ்பெக்டரும் அப்படிக் கேட்பதில்லை. பதினாறு வருஷமாக நான் முணுமுணுத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

கனவு லிஃப்டில் ஏறி உச்சி மாடிக்குப் போனேன். அங்கே மேற்கூரை வழியாகத் தாலாட்டின் குரல் வந்தது. கொஞ்சம் பதற்றமாகவே.

"ஏய், எதுக்குடா இது? உனக்கு இங்க என்ன குறை?"

"குறை சொல்ல ஆள் இல்லை. அதுதான் குறை."

கயிற்றை விடுவித்தேன். கூண்டு விழுந்தது. நான் வழக்கம்போல் அந்தக் கடக்கென்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. அடியில் பிரேக்கே இல்லை. அவன் என் ஆசைகளை மட்டும் எடுத்து அந்த உலகத்தைக் கட்டியிருந்தான். சேஃப்டி பிரேக்குக்கு நான் என்றைக்கு ஆசைப்பட்டேன்? அவள் விடமாட்டாள் என்று மாட்டியவன்தானே!

தூக்கத்தில் விழுகிறவன் எவனும் தரையைத் தொடுவதில்லை. அதற்குள் விழித்துவிடுகிறான்.

விழித்தேன். கூண்டு என் தலையில் உட்கார்ந்திருந்தது. கை இரண்டும் காது மட்டத்தில். முட்டுக்குழாய்கள் வாழைப்பழம்போல் வளைந்திருந்தன. முகத்துக்கு நேரே என் மனைவி. முழங்காலெல்லாம் கிரீஸ், நெற்றியில் ஒட்டடை, கையில் சுத்தியல். இவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"எழுந்தாச்சா? தூக்குங்க!"

"எவ்வளவு?"

"டாக்டர் அளவு!"

தூக்கினேன். முழங்கை நிமிர்ந்தது, தோள் நிமிர்ந்தது. மேலே ஒரு பெரிய உடம்பு கதவில் உரசி வெளியே போகும் சத்தம் கேட்டது. பின்னாலேயே, "மெதுவாடா கண்ணா, சட்டை கிழியப்போகுது" என்ற குரலும் போயிற்று. ஒன்பது.

"பிடிச்சுக்கோங்க" என்றாள். தாலாட்டு பிரேக்கின் தாடையில் மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தான். அவள் சட்டத்தில் மல்லாந்து, சுத்தியலால் மூன்று அடி அடித்தாள். கட்டை தெறித்துக் கீழே போனது. "இப்போ கையை விடுங்க."

"ஆர் யூ ஷ்யூர்?" பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் வரும்.

"நான் பார்த்துட்டேன். விடுங்க."

அவள் பார்த்துவிட்டாள் என்றால் விடலாம். விட்டேன். கூண்டு ஒரு முழம் சறுக்கியது. கடக். நின்றது.

ஒலிபெருக்கியின் வயர் போய் முடிகிற இருபதாவது மாடியில் தாலாட்டு இருந்தான். படியேறினோம். மின்சாரத்தை அவள் நிறுத்தியிருந்ததால் அவனிடம் பாட்டும் இல்லை, ஓட லிஃப்டும் இல்லை. ஒரு நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். வீரனின் வருகை அப்படித்தான் அமைந்தது.

"ஒருத்தன்கூட வெளிய வந்ததில்லை" என்றான். "ஒருத்தன்கூட. உனக்கு நான் என்ன வைக்காம விட்டேன், சொல்லு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி என்னைத் தாண்டிப் போய், அவன் பாட்டு மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எர்த் வயர் எங்க?"

"என்னது?" என்றான் தாலாட்டு.

"எர்த் வயர். தொட்டா ஷாக் அடிக்குமே. இதை யார் பார்த்து விட்டது?"

"மேடம், இது உலகத்தையே தூங்க வைக்கிற மெஷின்..."

"இருக்கட்டும். அதுக்காக வயரைத் தரையில இப்படி ஓட விடுவாங்களா? யாராவது தடுக்கி விழுந்தா?"

தாலாட்டு என்னைப் பார்த்தான். காப்பாற்று என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"என் சம்சாரம்" என்றேன் அவனிடம்.