லாண்டரிச் சுவரும் ஒரு பெட்டி ரொட்டியும்

"மார்ச் 10, திங்கள். நேற்று நான் செய்தது பிழை என்று இன்று மாலை வகுப்பில்தான் தெரிந்தது. சாட்சி சொல்லப்போகிறவரின் கடைக்கு ரொட்டி கொண்டுபோயிருக்கக் கூடாது."

நெரேய்தா நாட்குறிப்பில் 'பிழை' என்பதற்கு முன்னால் 'சிறிய' என்று சேர்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை அடித்தாள்.

அவள் தம்பி எசேக்கியேல் மூன்று வாரமாகச் சிறையில் இருந்தான். அவர்கள் வசிக்கும் பாயில் ஹைட்ஸ் பகுதியில், எல்லோரும் மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கும் எவுலாலியாவின் லாண்டரிச் சுவரில், அந்தத் தெருக் கும்பலின் மூன்று எழுத்துகளை ஆளுயரத்துக்கு நீலத்தில் எழுதியவன், பெயிண்ட் டப்பாவும் கையுமாகப் பிடிபட்டான். எழுதினானா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெறும் சுவரைக் கெடுத்த குற்றம் என்றால் சில மாதங்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். கும்பலுக்காகச் செய்தான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டால் வருடங்கள் சேரும். அந்த வருடங்கள் எவுலாலியா சொல்லப்போகும் சாட்சியத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். பேக்கரியில் சர்க்கரை மேலோடு போட்ட கோன்சா ரொட்டி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். போகும் வழியெல்லாம் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தாள். உள்ளே போனதும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பெட்டியைத் துணி உலர்த்தும் ட்ரையர் மேல் வைத்தாள், அழுதாள், திரும்பி வந்துவிட்டாள். அவள் மாலையில் படிக்கும் சட்ட உதவியாளர் வகுப்பின் ஆசிரியை மறுநாள் அதே விஷயத்தை எடுத்தது தற்செயல். "கும்பல் கேஸுல குடும்பத்து ஆளுங்க சாட்சிகிட்டப் போகவே கூடாது. நீங்க கொண்டுபோறது பூவா இருக்கும். கோர்ட்டுல அது கத்தியாத்தான் தெரியும்." நெரேய்தா அதை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்றைய பாடத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கோழி இறைச்சிக் கிடங்கில் விடுப்புக் கிடைக்கவில்லை. நெரேய்தா விசாரணைக்குத் தனியாகப் போனாள். தம்பி தெரியும்படியான இடமாகப் பார்த்து உட்காரச் சொன்ன நீதிமன்றக் காவலருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். சிறையின் நீலச் சட்டையில் கொண்டுவரப்பட்ட தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து இளைத்திருந்தது. ஆனாலும் யாரோ அவனுக்கு ஒழுங்காக முடி வெட்டிவிட்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்த ஆளுக்கும் ஒரு நன்றி.

எவுலாலியா தேவாலயத்துக்குப் போடும் சட்டையில் வந்திருந்தார். அருகில் மொழிபெயர்ப்பாளர். அரசு வக்கீல் இளம்பெண், குரல் மென்மையாக இருந்தது.

"அந்த எழுத்தப் பாத்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"பயந்தேன். அன்னிக்கு சாயங்காலமே கடையச் சாத்திட்டேன்."

அவர் சொன்னது உண்மை. அந்த எழுத்தைப் பார்த்தால் நெரேய்தாவுக்கும் பயம்தான்.

"அவரோட குடும்பத்துலேருந்து யாராவது உங்களத் தேடி வந்தாங்களா?"

"வந்தா. அவன் அக்கா. அதோ, பச்சை ஸ்வெட்டர்."

அறையே திரும்பியது. தம்பியும் திரும்பினான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரொட்டிப் பெட்டியக் கொண்டாந்து ஓடிட்டிருந்த ட்ரையர் மேல வச்சிட்டு அழுதுக்கிட்டே போயிட்டா. சர்க்கரையெல்லாம் உருகி வழிஞ்சு, நான்தான் சுரண்டினேன்."

"அத ஒரு மிரட்டலா எடுத்துக்கிட்டீங்களா?"

எவுலாலியா கேள்வியை மறுபடி சொல்லச் சொன்னார். "மிரட்டலா? நாலு தின்னேனே, கண்ணு. காப்பியில தொட்டு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நீதிபதி குனிந்து காகிதத்தைப் பார்த்தார். அரசு வக்கீல் விடவில்லை.

"எழுதும்போது அவரு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"நான் துடைப்பத்தத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். வெள்ளிக்கிழமைதான் அந்தச் சுவரக் கழுவி விட்டிருந்தேன், எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு போட்டிருப்பேன். ஓடாம நின்னான். 'உன்ன யாருடா அனுப்புனது?'ன்னேன். 'யாரும் அனுப்பல. என்னத்தான் யாருமே சேத்துக்கலயே'ன்னான்."

எசேக்கியேலின் காதுகள் சிவந்தன. சிறைகூட அவனுக்கு இந்த அளவு வலித்திருக்காது என்று நெரேய்தாவுக்குத் தோன்றியது. வீட்டில் அவன் அவ்வளவு பேசியதில்லை. துடைப்பம் ஏந்தி வந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். அவரும் அதை மறக்காமல், கூட்டாமல் குறைக்காமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

நீதிபதி முடிவைச் சொன்னார். கும்பலுக்காகச் செய்தான் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை, அந்தக் குற்றச்சாட்டு மட்டும் நீக்கப்படுகிறது என்றார். சுவர் வழக்கு தொடரும். அடுத்த தேதி சொன்னார்கள்; நெரேய்தா அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே நடைவழியில் எவுலாலியா நேராக அவளை நோக்கி வந்தார். நெரேய்தா இரண்டடி பின்வாங்கினாள். தம்பியின் வக்கீல் குறுக்கே வந்து நின்றார். "கேஸ் இன்னும் முடியல, தோன்யா. இவ உங்களோட பேசக் கூடாது."

"பேசக் கூடாதா? அப்ப நீங்களே சொல்லுங்க வக்கீலய்யா." எவுலாலியா அவர் தோளுக்கு மேலாக, நடைவழி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அவனுக்காக நான் ஒண்ணும் பொய் சொல்லலன்னு சொல்லுங்க. அவன் மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. அந்த எழுத்து இன்னிக்கும் என் சுவத்துலதான் இருக்கு. போட்டோவெல்லாம் எடுத்தாச்சு, அழிச்சுக்கலாம்னு போலீஸே சொல்லிட்டாங்க. இந்த முட்டியோட நான் ஏணியில ஏறவா?"

வக்கீல் நெரேய்தாவைப் பார்த்தார். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் பெயிண்ட் அடிக்கலாமா, சார்?" என்று அவரிடம் மெல்லக் கேட்டாள்.

"சுவர் சாட்சி இல்ல. அதோட எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்துக்கோ," என்றார்.

"வெறும் வெள்ளைய அடிச்சா நீலம் மேல வரும்னு சொல்லுங்க," என்றபடி எவுலாலியா லிஃப்டுக்குள் நுழைந்தார்.

அன்று மாலை வகுப்பு தொடங்குமுன் நெரேய்தா எழுதினாள்:

"மார்ச் 11, செவ்வாய். நாளை காலை ஆறு மணிக்கு, கடை திறப்பதற்கு முன். ப்ரைமர், உருளை, ஏணி. நீலம் மேலே வராமல் முதலில் ப்ரைமர், காய்ந்த பிறகு சுவரின் சாம்பல் நிறம். யாரோடும் பேசக் கூடாது. ரொட்டி வேண்டாம்."