அரையம்மாவா, அறையம்மாவா?

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கூட்டக் குறிப்பில் என்னால் நிரப்ப முடியாமல் போன ஒரு கட்டம். பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் குழுவுக்குக் குறிப்பு எழுதும் எழுத்தர் நான். இருபத்திரண்டு வருடங்களாக ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘தீர்மானிக்கப்பட்டது’ என்றே எழுதி வருகிறேன். என் குறிப்புகளில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாகவே ஆகும். அன்றைக்கு ‘கூட்டம் நடந்த இடம்’ என்ற கட்டத்தில் உண்மையை எழுதப் போனேன். குழுத் தலைவர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். குறிப்பில் இடமில்லாவிட்டால் போகிறது, கதையில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது: “விதி பதினான்கு, உட்பிரிவு இ-யின்படி, பகுதிநேர ஆசிரியர்களின் பணிக்காலமானது...”

யார் படிப்பார்கள்? அடித்தேன்.

இரண்டாவது: “கதிரவன் தன் பொற்கதிர்களை...” கூட்டம் பத்தரை மணிக்கு. கதிரவனுக்கு அங்கே வேலையில்லை. அதையும் அடித்தேன்.

மூன்றாவது: “அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.” இது இருக்கட்டும்.

(அலுவலகத்தில் அவளை ‘மேடம்’ என்பேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லாரும் அவன், அவள்தான். மன்னிக்கவும்.)

2

பட்டப்பெயரை எழுதுவதில்தான் சிக்கல். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். கணிதத் துறையில் அவள் அரைநேர ஆசிரியை. அதனால் அரையம்மா, சின்ன ர. வளாகம் முழுவதற்கும் வகுப்பு அட்டவணை போட்டு, யாருக்கு எந்த அறை என்று ஒதுக்குகிறவளும் அவளே. அதனால் அறையம்மா, பெரிய ற. “அவங்ககிட்ட போய் ஒரு அறை வாங்கிட்டு வாங்க” என்று புதியவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வழக்கம்.

நான்கு வருடம் முழுநேரமாகத்தான் பாடம் நடத்தினாள். பிறகு லிப்ட் மெக்கானிக்கான அவளுடைய தம்பி, வேலையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். மத்தியானங்களில் அவனை நிற்க வைக்க, நடக்க வைக்க ஆள் வேண்டியிருந்தது. அரைநேரத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த அரைநேரத்திலும் பாதியைப் பிடுங்கி, ‘மாற்றுப்பணி’ என்ற பெயரில் அட்டவணையை அவள் தலையில் கட்டியது பல்கலைக்கழகம். இப்படியே எட்டு வருடம்.

இணைப் பேராசிரியர் ஆக எட்டு வருடப் பணி வேண்டும். அரைநேர வருடம் அரை வருடமாகச் சேரும். நான்கும் நான்கும் எட்டு. ஆனால் மாற்றுப்பணிக் காலம், அது ‘கல்விப் பணிக்கு ஈடானது என்று குழு கருதினால்’ மட்டுமே சேரும். கருதாவிட்டால் ஆறுதான். விடுபட்ட இரண்டைப் பிடிக்க, அவள் போகும் வேகத்தில், இன்னும் எட்டு வருடம் ஆகும்.

கணக்கு ஆசிரியைக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

3

(இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. பாதி அவள் சொன்னது, மீதி நான் சேர்த்தது.)

கூட்டத்துக்கு முந்தின மாலை, தம்பி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளெதிரே உட்கார்ந்தான். இப்போது அவன் நன்றாகவே நடக்கிறான்; லிப்ட் பேனல்களை வீட்டிலேயே பழுது பார்க்கிறான்.

“நான் அந்த ஏணியில ரெண்டு படி கம்மியா ஏறியிருந்தா, நீ எப்பவோ மேல போயிருப்பேக்கா.”

“பேசாம எழுந்து நட.”

“நடக்குறவனைப் போய் நடங்கிறியே.”

“எட்டு வருஷப் பழக்கம். வாய்ல வந்துடுது.”

அவன் சிரிக்கவில்லை. “என்னால நீ பாதியாயிட்டே.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “இத்தனை வருஷத்துல மூணு கட்டுரை எழுதியிருக்கேன். ஒண்ணாவது பாதியில நிக்குதா? நேரம்தான்டா பாதி. நான் பாதியில்ல.”

4

குழுத் தலைவரை முதல் பிரதியில் வில்லனாக எழுதினேன். மீசையை முறுக்க வைத்தேன். அவருக்கு மீசையே கிடையாது. ஒருமுறை மழையில் தன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி போனவர். ஆனால் கூட்டத்துக்கு முந்தின வாரம், என் எதிரிலேயே, “டைம்டேபிள் போடறது கிளார்க் வேலை. அதுக்கெல்லாம் பதவி உயர்வா?” என்று சொன்னவரும் அவரேதான். இரண்டு மனிதரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். எனக்கு ஒருவரை மட்டும் எழுத வரவில்லை.

அவர் வேதியியல். கூட ஒரு வரலாற்றுப் பேராசிரியை. பிறகு வெளியூரிலிருந்து வந்த கணித நிபுணர் ஒருவர். குழு அவ்வளவுதான்.

5

அன்று காலை குழுக்கூடத்தின் கூரையில் குழாய் வெடித்து, மேசை நாற்காலியெல்லாம் தெப்பமாக நனைந்துவிட்டன. அவளுக்குப் போன் செய்தேன்.

“என் விஷயம் பேசற கூட்டத்துக்கு நானே அறை குடுத்தா நல்லாவா இருக்கும், அண்ணா? அட்டவணையை அனுப்பறேன். நீங்களே பாத்துக்குங்க.”

தலைவர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். “நாம எதுக்கு மாடியேறணும்? நூத்தியெட்டுல முப்பது பேர்தான், நாம அங்க உக்காரலாம். அவங்களை முந்நூத்தி மூணுக்கு அனுப்புங்க. அது காலியாத்தான் கிடக்கு. இது ஒரு வித்தையா?”

முந்நூற்று மூன்று காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இருந்தது: பக்கத்து அறையில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர்களை இருநூற்று ஐந்துக்குத் திருப்பினார் தலைவர். அங்கே எழுபது பேர் கொண்ட வகுப்பு வந்துகொண்டிருந்தது. நூற்றெட்டின் ஆசிரியருக்கு முட்டி வலி. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் படிக்கட்டு முழுக்கத் தலைகள். வெளியூர் நிபுணரை ஒரு மாணவி மறித்து, “சார், இன்னைக்கு டெஸ்ட் உண்டா?” என்று கேட்டாள். “எனக்கே இன்னைக்கு என்னன்னு தெரியலம்மா” என்றார் அவர்.

சத்தம் கேட்டு, நூற்றுப் பத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவள் சாக்பீஸுடன் வெளியே வந்தாள். யார் என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை.

“நூத்தியெட்டு, பழைய இடத்துக்கே போங்க. சாரைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போங்க, அவருக்கு மாடியே கூடாது. எழுபது பேரும் இருநூத்தி அஞ்சு. வழி விடுங்க.”

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. படிக்கட்டின் திருப்பத்தில் குழு மட்டும் கோப்புகளோடு நின்றது. அவள் அவர்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு நான் எதுவும் குடுக்கக் கூடாது, சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கூட்டம் அங்கேயே நடந்தது. நின்றபடி.

“இதைப் பாத்துட்டு முடிவு பண்றது முறையில்ல” என்றார் நிபுணர். “ஒரு நாள் தீயை அணைச்சா பதவி உயர்வா?”

“ஒரு நாள் தீப்பிடிச்சதைத்தான் நாம பாத்தோம்” என்றார் வரலாற்று அம்மா. “எட்டு வருஷமா பிடிக்கலையே, அதை யார் பாத்தாங்க?”

“சரி, அப்ப காகிதத்துல காட்டுங்க.”

தலைவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். கடைசியில், அதுவரை யாரும் பிரிக்காத ஓர் இணைப்பு இருந்தது: அறை ஒதுக்குவதற்கு அவளே உண்டாக்கிய முறை, பன்னிரண்டு பக்கம். நடக்க முடியாதவர், காது மந்தமானவர், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டியவர் எல்லாரும் அதில் எழுத்துகளாகவும் எண்களாகவும் இருந்தார்கள். நிபுணர் அதை வாங்கி, கைப்பிடிச் சுவரில் வைத்துப் படித்தார். மணி அடித்தது, அவர் நிமிரவில்லை.

“இது கணிதம்தான்” என்றார் கடைசியில். “நல்ல கணிதம். இதை ஏன் கடைசியில வெச்சாங்க?”

“படிவத்துல இதுக்குக் கட்டம் இல்ல, சார்” என்றேன் நான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “கிளார்க் வேலைன்னு சொன்னேன். வாபஸ். கோவிச்சுக்காதீங்க.”

“இதுல என்ன சார் இருக்கு” என்றேன். (இருந்தது. அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார், போய்விட்டது.)

மூவரும் கையெழுத்திட்டார்கள். எட்டு வருடமும் சேர்ந்தது. ‘இடம்: படிக்கட்டு’ என்று நான் எழுதப் போனபோதுதான் பேனா பிடிபட்டது. “ ‘வளாகம்’னு போடுங்க, போதும்.”

6

கதை இங்கேயே முடியலாம். ஆனால் ஆணையோடு ஒரு படிவமும் போயிற்று: ‘இனி முழுநேரமா, பகுதிநேரமா? ஒன்றை மட்டும் குறிக்கவும்.’ முழுநேரம் என்றால் அட்டவணை வேறு கைக்குப் போகும்.

முடிவு ஒன்று: முழுநேரம் என்று குறிக்கிறாள். எட்டு வருடமாக மனதில் வைத்திருந்த ஒரு பாடத்திட்டத்தைத் தூசி தட்டி...

முடிவு இரண்டு: பகுதிநேரம். இந்த முறை யாருக்காகவும் இல்லை. மத்தியான வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான்காவது கட்டுரை...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் சந்தோஷமாகவே இருக்கிறாள். அதுதான் தொல்லை. தம்பி ஒன்றே ஒன்று சொன்னானாம்: “எனக்காகன்னு மட்டும் எதையும் குறிக்காதே. நான் படியேறி வந்து அழிச்சுடுவேன்.”

நேற்று அவளே போன் செய்தாள். “கடைசித் தேதி எப்ப, அண்ணா?”

“வெள்ளிக்கிழமை, மேடம். அஞ்சு மணி.”

மறுமுனையில் சிரிப்பு. “அப்ப வெள்ளிக்கிழமை நாலு அம்பது வரைக்கும் ரெண்டுமே நான்தான். இருந்துட்டுப் போறேனே.”

நானும் படிவத்தின் அந்த வரியை அடிக்காமல் இங்கே விடுகிறேன். உங்களுக்குப் பிடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்குள்.

☐ முழுநேரம்   ☐ பகுதிநேரம்