ரெண்டு மெஷினுக்கும் ஒரே நம்பர்

ஒடுகத்தூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் ராஜ்குமாருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுசாக வாங்கிய டிஜிட்டல் மிக்சர் முதல்முறையாக மலையேறுகிறது. அதுவும் எந்த ஊருக்கு? கலைவாணி ஊருக்கு. சும்மாவா பின்னே!

கலைவாணி சந்தைக்குப் புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறவள். ஜீப்பை ஓட்டுவதும் அவளேதான், நிறுத்துவது இவன் கடைக்கு எதிரே. ஒரு வருஷமாக இவன் அவளிடம் பேசியதெல்லாம் "வாங்க, எப்ப வந்தீங்க, எப்ப கெளம்புறீங்க" என்ற அளவோடு சரி. கல்யாணப் பந்தலில் ஊருக்கே கேட்கிற மாதிரி மைக்கில் கத்துகிற வாய், அவள் முன்னால் மட்டும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். "இன்னா மைக்கு, சவுண்டே காணோம்" என்று அவள் சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இவன் அடுத்த சந்தை வரைக்கும் ஓட்டுவான்.

இப்போது கூப்பிட்டது அவள் அம்மா மங்கம்மாள். புளி தட்டுகிற காலத்தில் அந்த ஊர்ப் பெண்களெல்லாம் அவர்கள் வீட்டில் கூடி, கொட்டை எடுத்துக்கொண்டே பாடுவார்கள். ஊர் ஆம்பளைகளைப் பேர் சொல்லி வாருகிற பாட்டு. அது ஆம்பளை காதில் விழக்கூடாது என்பது அங்கே ரொம்பக் கண்டிப்பு. கலசப்பாக்கத்திலும் புதூர்நாட்டிலும் வாழ்க்கைப்பட்டுப்போன பெண்கள் போனில் கேட்க வேண்டும், பதிவு பண்ணிக் கொடு என்றாள் மங்கம்மாள். பாட்டு ஆரம்பித்தால் நீ உள்ளே இருக்கக்கூடாது, வெளியே இருந்தும் கேட்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அப்படியென்றால் பட்டனை நீங்களே அமுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தான். எல்லார் கையிலும் புளி. புளிக்கையோடு மெஷினைத் தொட விடுவானா அவன்? மிக்சர் மேல் ஈ உட்கார்ந்தாலே முகம் கோணுகிறவன்.

அதற்கும் வழி இருந்தது. பதிவு பண்ணுகிற மெஷினை உள்ளே வைத்துவிட்டு, வெளியே இருக்கிற மிக்சரிலிருந்தே அதை ஓட்டலாம், நிறுத்தலாம். ஒரு ஒயர் இழுத்து, மெஷினில் ரிமோட் சுவிட்சைப் போட்டு, அதற்கென்று ஒரு நம்பர் கொடுத்துவிட வேண்டும். மிக்சரில் எந்த நம்பரைக் கூப்பிடுகிறோமோ அந்த மெஷின் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். ராஜ்குமாரிடம் இரண்டு மெஷின். ஒன்று உள்ளே வைக்க, இன்னொன்று எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் வைத்துக்கொள்ள. புதுசாக வரும்போது இரண்டுக்குமே ஒன்றாம் நம்பர்தான், ஒன்றை மாற்ற வேண்டும். நம்ம ஆள் மாற்றவில்லை. முதல்நாள் கடையில் ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டு அமுக்கியதும் இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. அட, ரெண்டும் கேட்குதே என்று பூரித்துப்போனான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் பூரித்தால் என்ன ஆகும்?

டெஸ்டிங்குக்கு ஏதாவது பேச வேண்டும். ஹலோ ஹலோ என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே சலித்துவிட்டது. கடையிலும் யாரும் இல்லை. ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதை மைக்கில் கொட்டிவிட்டான்.

"கலைவாணி, நான் ராஜ்குமார் பேசறேன். நீ சிரிச்சிட்டுப் போனா அப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. கடைக்குப் பின்னாடி வூடு கட்டிக்கீறேன். கெணத்துல தண்ணி இருக்குது. என்னைக் கட்டிக்கிறியா?"

அழிக்க வேண்டும் என்று நினைத்தான். அழிக்க மனசு வரவில்லை.

மறுநாள் மலைமேல், வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் மிக்சரை வைத்தான். ஜன்னல் வழியாக ஒயர் போனது. உள்ளே நான்கு மைக், நான்காவது கலைவாணி உட்காரும் இடத்தில். பாடினதை உடனே கேட்கணும் என்று மங்கம்மாள் சொன்னதால் உள்ளே இருந்த மெஷினோடு ஒரு ஸ்பீக்கரையும் மாட்டியிருந்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து புளி தட்ட உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பிக்க நேரமிருந்தது. சும்மா இருந்த நேரத்தில் நேற்றுப் பேசியதை ஒருமுறை கேட்டுவிட்டு அழித்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினான், பக்கத்து மெஷினைப் பார்த்துப் பட்டனை அமுக்கினான்.

கேட்டதும் அவனுக்கே கிறுகிறுவென்று வந்தது. பரவாயில்லையே, நல்லாத்தான் பேசியிருக்கோம்! இன்னொரு தபா போட்டான். கிணற்றுத் தண்ணீர் வருகிற இடம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது தபாவும் போட்டான்.

ஹெட்போனைக் கழற்றினால் ஊரே அமைதி. புளி தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அப்புறம் உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது, அதன் மேலேயே வீடு மொத்தமும் சிரித்தது.

ஒன்றாம் நம்பர்! உள்ளே இருந்த மெஷினும் கூடவே ஸ்பீக்கரில் மூன்று தபா பேசியிருக்கிறது. ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் ஜன்னலில் மங்கம்மாள் முகம் தெரிந்தது. சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தண்ணி இருக்குதுன்னு மூணு தபா சொல்லிட்ட, தெரிஞ்சிபோச்சி. இப்ப ரெக்கார்டு போடு. காதுல மாட்டாத. சத்தியம் பண்ணிக்கீற."

போட்டான். மிக்சரில் மைக்குக்கு ஒன்றாக நான்கு விளக்கும் குதித்தன. மரச்சுத்தியலின் சத்தம் மட்டும் வெளியே வந்தது, பாட்டு புரியவில்லை. திடீரென்று மூன்று விளக்கும் இறங்கிவிட்டன. நான்காவது மட்டும் தனியாக ஏறியது, சிவப்பைத் தொட்டது, இறங்கியது, மறுபடி ஏறியது. கலைவாணி பாடுகிறாள். அவனைப் பற்றித்தான் பாடுகிறாள். ஆமாம் என்கிறாளா, போடா என்கிறாளா? மடியில் கிடந்த ஹெட்போனை மாட்டினால் அடுத்த நொடி தெரிந்துவிடும். கை இரண்டு தடவை போய் வந்தது. கடைசியில் எழுந்து போய், எட்டாத கிளையாகப் பார்த்து அதை வீசி மாட்டிவிட்டு வந்தான்.

பாட்டு முடிந்தது. நிறுத்தினான். புளி ஒட்டிய கையோடு கலைவாணி பலா மரத்தடிக்கு வந்தாள்.

"கேட்டியா?"

"இல்லீங்க. நாலாவது லைட்டு தனியா எரிஞ்சிது. அவ்ளோதான் தெரியும்."

அவள் கிளையில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதுல உன்ன வாரு வாருன்னு வாரியிருக்கோம். அத நீ கேக்கவே கூடாது. இதக் கேளு" என்று, புளிக் கட்டைவிரலாலேயே புது மிக்சரின் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். ராஜ்குமார் முகம் கோணவே இல்லை. அவள் மிக்சர் பக்கத்தில் கிடந்த டெஸ்டிங் மைக்கை எடுத்தாள்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். கலைவாணி பேசறேன். எங்க கெணத்துலயும் தண்ணி இருக்குது. வைகாசில வச்சிக்கலாம். எங்கம்மாவ வந்து கேளு."

நிறுத்தியும் விட்டாள். "இப்ப போடு. எனக்கும் மூணு தபா."

நம்பரை மாற்ற ஒரு நிமிஷம் கூட ஆகாது. மிக்சரையும் பக்கத்தில் இருந்த மெஷினையும் பார்த்தான். ஒன்றாம் நம்பரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிசுபிசுத்த பட்டன்களுக்கு நடுவில் தேடிப்பிடித்து அமுக்கினான். உள்ளே குலவை கிளம்பியது.

மூன்றாவது தபா ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் மங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மாப்ள, சவுண்ட கொஞ்சம் ஏத்து."