ஒரு நொடியும் பிசகாத சங்கு

1.

இந்தக் கதை என்னுடைய ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அந்த வாக்கியம் எனக்குப் பிடித்தேயிருந்தது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.

மூடிப்போன பஞ்சாலை இருந்த இடத்தில் பூங்கா வந்தது. ஆலையின் நினைவாக அங்கே ஒரு கலைப்படைப்பு வைப்பதென்று முடிவாகி, குழு போட்டார்கள். கீழே பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு நான்கு வரி வேண்டும். பத்திரிகையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் என்னிடம் வந்தார்கள். 'இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு நொடியும் பிசகாமல், இந்த வட்டாரத்தை எழுப்பியது இச்சங்கு' என்று தொடங்கினேன். குழுவில் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் சங்கை ஊதியவர் தகட்டு வாசகத்தின் நகலோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"எல்லாம் நல்லா இருக்கு. அந்த 'பிசகாம'ங்கிறத மட்டும் எடுத்துடுங்க."

"ஏன்? அழகாத்தானே இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு," என்றார். "அதான் தொந்தரவு."

2.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

'அந்தக் காலத்தில் விடியல் என்பது வெளிச்சமாக அல்ல, ஒலியாக—' வேண்டாம். அந்தக் காலத்தில் விடியல் என்பது குழாயடியில் குடம் வைக்கும் சண்டை. நான் அங்கே வளர்ந்தவன்.

'ஐந்து மொழி பேசியவர்கள் ஒரே சங்குக்கு எழுந்—' இது குழுத் தலைவரின் மேடைப்பேச்சு. அவர் வாயிலேயே இருக்கட்டும்.

குழுக் கூட்டத்திலிருந்து தொடங்குவதுதான் நேர்மை. ஆட்களின் வருகையைப் பதிந்த, ஆலையின் பழைய டைம் ஆபீஸ்தான் இப்போது பூங்கா அலுவலகம். நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கடிகாரம் தொங்கிய இடத்தில் வெளுத்த வட்டம். ஒருவர் நீரூற்று கேட்டார். ஒருவர் புறாக்கள். ஒருவர் தங்கள் மொழிக்காரர்களில் முதல் மேஸ்திரியாக இருந்தவருக்கு மார்பளவுச் சிலை கேட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மற்ற நான்கு மொழிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு முதல் மேஸ்திரி முளைத்தார்.

சிற்பி முப்பத்தைந்து வயதுப் பெண். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க எல்லார் வீட்டுக்குள்ளயும் தினம் வந்துட்டுப் போனது எது?"

 தலைவர்தான் சிரித்தார். "சங்குச் சத்தம்மா. வேற என்ன? இதோ உக்காந்திருக்கானே, இவன்தான் எங்க அத்தனை பேருக்கும் தினம் சங்கு ஊதினவன். அப்படியும் உயிரோட இருக்கோம், பாரு!"

அறை முழுக்கச் சிரித்தது. அவர் கை காட்டிய மனிதர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் கூப்பிடுகிறபடி நானும் சங்கு என்றே எழுதுகிறேன். வயது எழுபத்தெட்டு. தலைவர் அவருடைய உயிர் நண்பர். ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர்.

அப்படியே முடிவாயிற்று: இடிக்காமல் விட்ட புகைபோக்கியின் அடிப்பாகம், அதன்மேல் பழையதைப் போலவே வார்த்த பித்தளைக் குழல், தொங்கும் சங்கிலி. நாளுக்கு ஒருமுறை ஊதும்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் சிற்பி.

"காலைல ஏழு. இதுல என்னம்மா சந்தேகம்?" என்றார் தலைவர்.

3.

சந்தேகம் இருந்தது. அதைத்தான் சங்கு என் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார்.

ஏழு மணிக்குச் சங்கு. அது ஓய்ந்ததும் ஆலைக் கதவைச் சாத்துவார்கள். பிறகு வருகிறவர்களுக்கு அன்று வேலை இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாற்பது பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வேறு மொழிக்காரர்கள், புதிதாகக் குடியேறியவர்கள். அவர்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே ஆறரைக்கு. பிடித்து வைத்துவிட்டு ஓடிவந்தால் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சரக்கு ரயிலுக்காக ரயில்வே கேட் மூடியிருக்கும். திறந்து, ஓடிவந்து சேரும்போது ஏழு கடந்து ஐந்து.

சங்கிலி இருந்த கொதிகலன் அறையின் மேல் ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில்வே கேட் தெரியும். ஒரு மாதம், பாதி நாள் அவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்தார். ஒருநாள் ஏழு மணிக்குச் சங்கிலியைப் பிடித்தார்.

"கை போகல," என்றார் என்னிடம். "அவ்வளவுதான். வேற காரணம் எதுவும் யோசிக்கல."

ஆறு நிமிடம் கழித்து ஊதினார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே. திங்கட்கிழமைதோறும் டைம் ஆபீஸ் கடிகாரத்தைச் சங்குக்குச் சரிசெய்வது வழக்கம். சங்குக்காரர் மணி பார்ப்பது எங்கே என்று யாரும் விசாரித்ததில்லை.* அந்தத் திங்களன்று, தலைவருக்கு முன் அங்கே இருந்த குமாஸ்தா கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே ஆறு நிமிடம் பின்னால் தள்ளினார். பள்ளிக்கூடம் தள்ளிற்று. மூன்று மதத்து வழிபாட்டு இடங்களும் தள்ளின. பதினைந்து நாளில் வட்டாரம் முழுக்க ஆறு நிமிடம் பிந்தி வாழத் தொடங்கியது. செய்தி கேட்க ரேடியோவைத் திருப்பினால் பாதி ஓடிப்போயிருக்கும். "இந்த ரேடியோக்காரனுக்கு எப்பவும் அவசரம்," என்று என் அப்பா சொல்வார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

(*அவர் ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிசெய்வார். ஆகவே, எங்கள் வட்டாரத்தில் சரியான மணி தெரிந்த ஒரே ஆள், அதைத் தவறாகச் சொன்னவர்தான்.)

4.

இதுவரை இது நல்ல மனிதரைப் பற்றிய நல்ல கதை. இங்கேயே நிறுத்தியிருப்பேன். தலைவரின் ரயில் குறுக்கே வந்துவிட்டது.

டைம் ஆபீஸுக்கு வருமுன், இருபத்திரண்டு வயதில், அவருக்கு வெளியூரில் நிலஅளவைத் துறை நேர்முகத்தேர்வு. எட்டே காலுக்கு ரயில். கைக்கடிகாரத்தில் எட்டு பத்துக்கு நிலையத்துப் படியில் கால் வைத்தார். கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது. "அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டான்யா!" என்று இன்றும் கல்யாணப் பந்தலில்கூடச் சொல்கிறார். அடுத்த மாதம் ஆலையில் குமாஸ்தாவானார். இருபது வருடம், திங்கட்கிழமைதோறும், தன்னை ரயிலைத் தவறவிட வைத்த அதே நேரத்துக்குத் தன் கையாலேயே கடிகாரத்தைத் திருத்தினார்.

"அவன் அந்தக் கதையச் சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து ரயில்காரனத் திட்டியிருக்கேன்," என்றார் சங்கு. "இப்ப எப்படிச் சொல்றது?"

5.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த நாற்பது பெண்களில் ஒருத்தி பிற்பாடு அவர் மனைவியானாள்.

"எது முன்னாடி? அவங்களப் பாத்ததா, லேட்டா ஊதினதா?" என்று கேட்டேன்.

"செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. அது முதல் நாளா, பத்தாவது நாளா..." விரல்களை மடக்கிப் பார்த்தார். "தெரியல. சத்தியமாத் தெரியல."

(இங்கே ஒரு காதல் அத்தியாயம் எழுதினேன். ஜன்னல், நீராவி, செருப்பு எல்லாம் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். கேட்ல நின்னவங்களுக்கு ரயில் எப்ப வருதுன்னு தெரியாதா? நாப்பது பேருக்கும் தெரியும். ஒருத்திகூட வாயத் தொறக்கல." கணவரின் பக்கம் திரும்பினார். "என்னங்க, சொல்றதானா சொல்லுங்க. ஆனா எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் மத்த முப்பத்தொம்பது பேரும் சும்மா ஓடினதா ஆயிடும்."

"உனக்காகன்னு நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லல. ஆனா அப்படி நெனைச்சுச் சிரிச்சுக்கிறீங்களே, அது போதாதா?"

6.

முடிவுகள் கைவசம் உள்ளன.

ஒன்று: சங்கு சொல்லிவிடுகிறார், தலைவர் குலுங்கிச் சிரித்துக் கட்டிக்கொள்கிறார். கிழவர்கள் கட்டிக்கொள்வது படிக்க இதமாக இருக்கும். ஆனால் நிலஅளவைத் துறை வேலை, அதன் பின்னால் வந்திருக்கக்கூடிய ஊர்கள், வீடு, அத்தனையும் ஒரு சிரிப்பில் கரையுமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு: சொல்லவில்லை. சரியாக ஏழு மணிக்குப் புதுச் சங்கு ஊதுகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஊதாத நேரத்தில் ஊதும் ஒன்றை எல்லோரும் கண்ணீரோடு நினைவு என்கிறார்கள்.

மூன்று: தலைவருக்கும் எப்போதோ தெரிந்திருந்

இல்லை. இது கெட்டிக்கார எழுத்தாளன் செய்கிற வேலை.

7.

ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு முந்தைய காலை, ஒத்திகை. ஈரப் புல். ஐந்து மொழிகளிலும் இருமல். ரயில்வே கேட் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம். சங்கின் மனைவி, இன்னும் உயிரோடிருக்கும் ஏழெட்டுத் தோழிகளோடு ஓர் ஓரமாக நின்றார். சிற்பி காற்றழுத்தத்தைச் சரிபார்த்துத் தலையசைத்தாள். தினமும் தானாக ஊத வேண்டிய நேரத்தை, சங்கு இழுக்கும் முதல் இழுப்பை வைத்தே பதியப் போவதாகச் சொன்னாள்.

"ஏழாச்சு. இழுடா சங்கு!" என்றார் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

சங்கு சங்கிலியைப் பிடித்தார். இழுக்கவில்லை.

"என்னடா, கை நடுங்குதா? நான் வேணா இழுக்கவா?"

"இரு."

ஒரு நிமிடம். இரண்டு. யாரோ கொட்டாவி விட்டார்கள். சிற்பி குழாயில் கோளாறோ என்று குனிந்தாள்.  பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கின் பார்வை மேம்பாலத்தின் மேல் இருந்தது.

ஏழு கடந்து நான்கு. தலைவர் "டேய்" என்று ஆரம்பித்தார். அவர் பார்வை நண்பனின் முகத்திலிருந்து அந்தப் பெண்களிடம் போயிற்று. அவர்களிடமிருந்து மேம்பாலத்துக்கு, மறுபடி தன் கைக்கடிகாரத்துக்கு. அதைக் கழற்றாமல், மணிக்கட்டைக் காதருகே கொண்டுபோனார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் அதை அங்கே வைத்த மனிதர் அதை விட்டு எங்கேயோ போயிருந்தார்.

ஏழு கடந்து ஐந்து. தலைவர் வாயைத் திறக்கிறார்.

நான் அங்கேதான் நின்றேன், அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எழுதமாட்டேன். ஒருமுறை இவர்களுக்காக அழகான வாக்கியம் எழுதி மாட்டிக்கொண்டவன் நான். இரண்டு பேரையும் இவ்வளவு நேரம் பார்த்தீர்களே. சொல்லுங்கள், ரயிலைத் தவறவிட்டவர் என்ன சொல்லியிருப்பார்?