புளி போட்டுத் தேய்த்த ஊக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் மில்பிடாஸ் என்கிற ஊரில், ஒரு வீட்டில் ஒரு ஊக்கு பளபளத்துப் போன கதையைச் சொல்கிறேன்.

அந்த வீட்டு மருமகள் ஹம்சா, ஐடி வேலையை விட்டுவிட்டுப் பழங்காலத் துணிகளைப் பற்றிப் படித்தவள். ஐரோப்பாவில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கெல்ட் என்கிற ஜனங்கள் இருந்தார்களாம். பெரிய தறி எதுவும் வைத்துக்கொள்ளாமல், சின்னப் பலகைகளை வைத்தே நாடா நெய்வார்களாம். சீட்டுக்கட்டு அளவில் ஒரு சதுரப் பலகை. நாலு மூலையிலும் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு நூல். அப்படிப் பல பலகைகளைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, குறுக்கே ஊடை நூலை ஓட்டினால் நூல்கள் முறுக்கிக்கொண்டு நாடா வளரும். பலகைகள் மட்கிவிட்டன. துணியும் பெரும்பாலும் மட்கிவிட்டது. உப்புச் சுரங்கத்தில் கொஞ்சம் பிழைத்தது. மற்றபடி, உடுப்பில் குத்திக்கொள்ளும் வெண்கல ஊக்கில் துணி ஒட்டியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறி, அந்தக் களிம்பே நூலின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும். நமக்கு அது அழுக்கு. ஆராய்ச்சி பண்ணுகிறவர்களுக்கு அதுதான் சாட்சி.

ஹம்சா அதைத் தானே செய்து பார்த்தாள். நாடா நெய்து, வெண்கல ஊக்கில் சுற்றி, பேக்யார்டில் புதைத்து, வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் ஊற்றினாள். என்ன செடி என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓய்ந்துவிட்டாள். தோண்டி எடுத்தபோது நாடா இல்லை. களிம்பில் அதன் அச்சு இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மியூசியத்தில் அதை மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். காட்டினால் அங்கே வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் ஐடி.

வீட்டில் யாரும் கை வைக்காத இடம் எது என்று யோசித்து, ஊக்கைப் பூஜை அலமாரியில் வைத்தாள். மறுநாள் வியாழக்கிழமை என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை என்றால் பூஜைப் பாத்திரம் தேய்க்கிற நாள். ஆறு மாசத்துக்கு வந்திருந்த மாமனார் பிச்சுமணி அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சாயங்காலம் ஹம்சா அலமாரியைத் திறந்தாள். விளக்கு, மணி, பஞ்சபாத்திரம், ஊக்கு. எல்லாம் தங்கம் மாதிரி இருந்தன.

“அப்பா, இதைத் தேய்ச்சேளா?”

“ஆமாம்மா. ஒரே களிம்பு. சுவாமி பக்கத்துல இப்படியா வெப்பா? புளியை ஊற வெச்சு, தேங்கா நாரால தேய்ச்சேன். போகவே மாட்டேன்னுது. நான் விடலையே!”

ஹம்சா ஊக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நாடாவின் அச்சைத் தேடினாள்.

“போட்டோ இருக்கே, ஹம்ஸ்,” என்றான் கணவன் சுஹாஸ். “ஜூம் பண்ணிக் காட்டேன்.”

“போட்டோவை யார் வேணா எடிட் பண்ணலாம். அவா ஆப்ஜெக்ட்தான் கேக்கறா.”

விஷயம் அரைகுறையாகப் புரிந்ததும் பிச்சுமணி தொண்டையைக் கனைத்தார். “களிம்புதானே வேணும்? புளிச்ச மோர்ல போட்டு வெச்சா வந்துடும்மா.”

“களிம்பு வரும்ப்பா. அதுல நாடா வராது.”

வெள்ளிக்கிழமை, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஹம்சா கிளம்பினாள். “பண்ணினவன் நான். நானே சொல்றேன்,” என்று பிச்சுமணி காரில் ஏறிக்கொண்டார்.

மியூசிய ஆய்வகத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முன்பு இங்கே வேலை பார்த்தவர்கள் எங்கள் ஊக்குகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். புளி பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்,” என்றாள். பளபளக்கிற ஊக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஹம்சாவைக் கூப்பிட்டாள்.

ஊக்கின் சுருளுக்கு உள்ளே, நார் நுழையாத இடத்தில், துளிப் பச்சை மிச்சம் இருந்தது. அதில் நூல்கள் தெரிந்தன: ஒன்று இடப்பக்கம் முறுக்கியது, அடுத்தது வலப்பக்கம். பலகையைத் திருப்பி நெய்ததற்கு அதுதான் அடையாளம்.

“இது போதும்,” என்றாள் தலைவி.

பிச்சுமணியும் குனிந்து பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. “அடடா, உள்ளே விட்டுட்டேனே! ஹம்சா, இங்க கிச்சன் இருக்குமோ? துளி புளி இருந்தா—”

“அப்பா, கையைப் பின்னாடி கட்டிண்டு நில்லுங்கோ.”

கட்டிக்கொண்டு நின்றார். ஹம்சாவுக்கு அந்த வேலை கிடைத்தது. சரியாகத் தேய்க்காததற்காக வீடு வரும்வரை அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பெரியவர்கள் கை கால் சுகத்தோடு நடமாடட்டும், பிள்ளைகளுக்கு ஆசைப்பட்ட வேலை அமையட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள், கண்ணுகளா.